ஏழு சைபர் சைபர்

இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் மூன்று தரம் கீச்சிட்டு அடங்கிற்று.
ஜெனரேற்றர் உறுமத் தொடங்குவதற்கிடையில்
சேர்வர் விழுந்து, எழும்பியும் விட்டது.

நாரஹேன்பிட்டிய ஆஸ்பத்திரி, நிலக்கீழ் தளம்.
குளிருக்கு நான் போட்டிருப்பது
யாரோ விட்டுப்போன ஸ்வெற்றர்.

எழும்பிய சேர்வருக்கு எல்லாம் ஞாபகம்,
ஒரே ஒரு இடத்தைத் தவிர:
தற்காலிகக் கிடங்கு.
ஆய்வுகூட முடிவுகள் அச்சுக்குப் போகுமுன்
சில நிமிஷம் குந்தியிருக்கும் இடம்.
எழும்பும் ஒவ்வொரு தடவையும் அது
எழுந்தமானமாய் ஒரு சாவி செய்துகொள்ளும்.
ஒருவருக்கும் சொல்லாது. எங்கும் எழுதி வைக்காது.
கரண்ட் போனால் சாவியும் போகும்,
பூட்டியிருந்ததெல்லாம் வெறும் இரைச்சல்.
அப்படித்தான் அதைக் கட்டினேன், பெருமையோடு.
கட்டியபோது மறந்தது,
புதிதாய்ப் பிறக்கும் கிடங்குக்குச் சொந்தக்காரர்
ரூட் மட்டும் என்பதை.

அச்சுச் சேவை வாசலில் நின்று தட்டுகிறது.
அனுமதி மறுக்கப்பட்டது.
நாலு செக்கனுக்கு ஒருக்கால் தட்டுகிறது.
அனுமதி மறுக்கப்பட்டது.
மேலே ஐந்தாம் வாட்டில் ஒரு நேர்ஸ்
தாள் வராத பிரிண்டரைப் பார்த்தபடி நிற்பாள்.

கடுவலையிலிருந்து நுவன், போனில், நித்திரைக் குரலில்:
"மூணு ஏழையும் போடுங்க அக்கா, காலைல பாப்பம்."
மூன்று ஏழு. எல்லாருக்கும் எல்லாம்.
வாசிக்கலாம், எழுதலாம், நுழையலாம்,
தெருவில் போகிறவனும்.
பொய் சொல்ல மாட்டேன்,
என் விரல் அந்த ஏழின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு கிடங்குக்குள் ஓர் அறை கட்டினேன்.
சொந்தக்காரர் அச்சுச் சேவை.
ஏழு, சைபர், சைபர்.
தட்டுவது நின்றது.
முடிவுகள் ஒவ்வொன்றாய் உள்ளே வந்து குந்தின.
சரியோ என்று பார்க்கப் பட்டியலை இழுத்தேன்.
ரூட்டுக்கு அந்தச் சைபர்கள் ஒரு பொருட்டில்லை.

ஏழாவது கோப்பு:
அருளானந்தம் ஹெலன். திசுப் பரிசோதனை.

கொட்டாஞ்சேனையில் என் அனெக்ஸின் உரித்தாளி.
பத்து மணிக்குக் கேற் பூட்டுகிறவ.
பிரிட்ஜில் எனக்கு இரண்டாம் தட்டு மட்டும்.
தண்ணீர் பில்லில் பாதி, நான் ஊரில் நிற்கிற மாதத்துக்கும்.
என் அறையின் மற்றச் சாவி
அவவின் ஹவுஸ்கோட் பொக்கெற்றுக்குள்.
வைகாசி மழையில் ஒருநாள்
நான் திறந்துவிட்டுப் போன யன்னல்
வந்து பார்க்கப் பூட்டியிருந்தது.
சட்டத்தரணியின் கடிதம், விவாகரத்துத் தவணைத் திகதியோடு,
கட்டிலில் விரித்தபடியே கிடந்தது,
ஒரு துளி நனையாமல்.
அவ ஒன்றும் கேட்கவில்லை. நானும்.
வாசித்தாவோ, இன்றுவரை தெரியாது.

ஒரு சொல் அடித்தால் கோப்பு திறக்கும்.
பதிவேட்டில் தடம் விழும்;
தடம் அழிக்கிற ஆளும் நான்தான்.
கேர்சர் மினுங்கிக்கொண்டே இருந்தது.
எழும்பிப் போய்ப் பிளேன்டீ ஊற்றினேன்.
சீனி போட்டேனா, நினைவில்லை.
திரும்பி வந்தபோது வரிசையில் இருந்த எல்லாம்
மேலே அச்சாகி முடிந்திருந்தன.

எழும்பும்போதே அறையையும் கட்டு என்று
தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுதினேன்.
வரி நிற்குமோ என்று அறிய ஒரே வழி,
சேர்வரை நானே விழுத்தி எழுப்பினேன்.
புதுச் சாவி. வெற்று அறை. ஏழு சைபர் சைபர்.
ஒரு பெயர் இங்கே இருந்தது என்பதற்கும் தடயமில்லை.
கொடுத்து வைத்த இயந்திரம்.

ஏழரைக்குக் கேற்றடியில் ஹெலன் மிஸ், கையில் பாண்.
"முகம் வாடிக் கிடக்கு. ராத்திரி வேலை கூடவோ?"
"கரண்ட் போச்சு, மிஸ்."
"இங்கயும்தான்" என்றா.
பொக்கெற்றுக்குள் சாவிகள் கிலுங்கின.
பாணில் பாதியைப் பிய்த்து நீட்டினா,
அது வாடகையில் சேராத விஷயம்.

பின்னேரம் டியூட்டிக்கு இறங்கும்போது
துறைமுகப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.
யன்னலைப் பூட்டாமல் போனேன்.